துணுக்காய் வீடு

(குடும்ப வட்ஸ்அப் குழு, வியாழக்கிழமை இரவு)

நான்: அப்பம்மாவின் 31ஆம் நாளுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகம், அந்தக் கல்வெட்டு, திறக்குதில்லை. நாளை காலை 10 மணிக்கு அச்சகத்தில் கொடுக்க வேண்டும்.

மாமி: ஐயோ

கனடாச் சித்தப்பா: எந்தக் கல்வெட்டு? என் கவிதை சேர்த்ததா, சேர்க்காததா?

நான்: எதுவுமே திறக்குதில்லை சித்தப்பா. லப்டொப் ஊதிக்கொண்டே நிற்கிறது, கை வைத்தால் சுடுகிறது. ஓர் எழுத்தைத் தட்டினால் அரை நிமிடம் கழித்துத்தான் வருகிறது. வலப்பக்க மூலையில் சிவப்புப் பெட்டி வந்து "ஆபத்து பிடிபட்டது" என்கிறது. அதை மூட முதலே பச்சைப் பெட்டி அதன் மேல் ஏறி "உங்கள் கணினி பாதுகாப்பாக இருக்கிறது" என்கிறது.

மச்சான்: 😂

வவுனியா அண்ணா: பச்சை எங்கிருந்து வந்தது? சித்தப்பா போட்ட அன்டிவைரஸ் சிவப்பு மட்டும்தானே.

மல்லாவிப் பெரியப்பா: நான்தான் போன மாதம் கடையில் கொடுத்துப் போடுவித்தேன். 3500 ரூபாய்.

கனடாச் சித்தப்பா: பெரியண்ணை, ஒரு வருடத்துக்குக் காசு கட்டி நான் போட்டுவிட்டது இருக்கும்போது ஏன்?

மல்லாவிப் பெரியப்பா: ஒன்று காணாது என்று கடைப் பொடியன் சொன்னான்.

மல்லாவிப் பெரியப்பா: நீ அங்கேயிருந்து போட்டாய். இங்கத்தைய தூசியும் வைரசும் வேறு.

மாமி: தொடங்கிவிட்டார்கள்

வவுனியா அண்ணா: எல்லோரும் ஒருக்கால் வாசியுங்கள். இரண்டு அன்டிவைரஸ் போட்டால் இரட்டைக் காவல் வராது. ஒவ்வொன்றும் விண்டோஸின் அடிவரைக்கும் போய் இருந்துகொண்டு, எந்தக் கோப்பைத் திறந்தாலும் தான் பார்த்த பிறகுதான் விடுவேன் என்று மறிக்கும். தங்கச்சி கல்வெட்டைத் திறக்கிறாள், சிவப்பு அதை எடுத்து வாசிக்கிறது. யாரோ கோப்பைத் திறக்கிறான் என்று பச்சையும் எடுத்து வாசிக்கிறது. அதுதான் டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறது. ஒன்று பிடித்து அடைத்து வைத்ததை மற்றது கண்டு வைரஸ் என்று கத்துவதும் உண்டு. விண்டோஸுடன் வருகிற டிஃபென்டருக்கு மட்டும் மரியாதை தெரியும். விண்டோஸ் 8 வந்த 2012 இலிருந்து அது முழு அன்டிவைரஸாக உள்ளேயே இருக்கு. வேறொன்றைப் போட்டால் தானாக ஒதுங்கும், கழற்றினால் தானாகத் திரும்பி வரும். சிவப்பும் பச்சையும் ஒன்றுக்கொன்று அப்படி வழிவிடாது.

மச்சான்: கட்டுரைக்கு எத்தனை புள்ளி?

மாமி: அம்மா வளர்த்த கறுப்பனும் வெள்ளையனும் மாதிரி. இரண்டும் இரவிரவாக ஒன்றையொன்று பார்த்துக் குரைக்கும். கோழியை மரநாய் கொண்டுபோய்விட்டது.

மல்லாவிப் பெரியப்பா: மரநாயா? அந்தக் கோழி எங்கே போனது என்று கனடாவுக்குத் தெரியும்.

கனடாச் சித்தப்பா: எத்தனை வருடத்துக்கு இந்தக் கதை

அப்பா: 🎤 குரல் செய்தி (0:47)

வவுனியா அண்ணா: அப்பா, காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது

நான்: அண்ணா, கல்வெட்டு பென் டிரைவில்தான் இருந்தது. இப்போது அந்த போல்டரையே காணோம்.

வவுனியா அண்ணா: லப்டொப்பில் ஒரு பிரதி வைக்கவில்லையா?

நான்: மச்சானைக் கேளுங்கள்

மச்சான்: படம் ஸ்கேன் செய்யப் பென் டிரைவைக் கொம்யூனிகேசன் கடைக்குக் கொண்டுபோனேன். அவ்வளவுதான்.

வவுனியா அண்ணா: ம். சிவப்பு அடைத்து வைத்த பட்டியலைத் திறந்து பார்.

நான்: "கல்வெட்டு" என்று ஒன்று இருக்கு! 1 கேபி. திரும்ப எடுக்கட்டா?

வவுனியா அண்ணா: தொடாதே!! 24 பக்கமும் படங்களும் 1 கேபிக்குள் அடங்குமா? அது ஷோர்ட்கட் வைரஸ். கடைக் கொம்பியூட்டரிலிருந்து ஏறியிருக்கு. உண்மையான போல்டரை ஒளித்துவிட்டு, அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைக்கும். நீ அதை அழுத்தினால் வைரஸ் ஓடும். சிவப்பு பிடித்தது அதைத்தான். போல்டர் பென் டிரைவில்தான் ஒளிந்து கிடக்கு. போர்மட் கேட்டால் கொடுத்துவிடாதே.

கனடாச் சித்தப்பா: பார்த்தீர்களா, பிடித்தது சிவப்பு 👍

மல்லாவிப் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: ↪️ பலமுறை அனுப்பப்பட்டது: நள்ளிரவில் வரும் ரோசாப்பூப் படத்தைத் திறக்க வேண்டாம். போன் எரிந்துவிடும். 10 பேருக்கு அனுப்பவும்.

மச்சான்: பெரிய மாமி, காலையில் ரோசாப்பூ அனுப்புவதே நீங்கள்தானே

மாமி: ஞாயிறு அம்மாவின் காரியத்துக்குக் கீரிமலைக்கு எத்தனை வான்? விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டால்தான் சரி.

பெரியம்மா: ஒன்று காணாதா

மாமி: ஒட்டுசுட்டானிலிருந்தே 9 பேர்

வவுனியா அண்ணா: வானைப் பிறகு கதையுங்கள். தங்கச்சி, இப்போது பச்சையைக் கழற்று. செட்டிங்ஸ், அப்ஸ், அன்இன்ஸ்டோல். பிறகு ரீஸ்டார்ட். பச்சையின் போல்டரை மட்டும் அழித்தால் அடியில் மிச்சம் இருந்து திரும்பவும் முட்டுப்படும். அதைத் துடைக்க அந்தக் கம்பனியே ஒரு கருவி வைத்திருக்கும், அவர்களின் தளத்திலிருந்து மட்டும் இறக்கு. ஒளிந்த போல்டரை வெளியே எடுக்க ஒரு வரிக் கட்டளை இருக்கு, போனில் சொல்கிறேன்.

மல்லாவிப் பெரியப்பா: ஏன் பச்சையை? 3500.

வவுனியா அண்ணா: பெரியப்பா, கடைப் பொடியன் பச்சைக்கான லைசன்ஸ் கீ எழுதிய துண்டு ஏதும் தந்தானா?

மல்லாவிப் பெரியப்பா: இல்லை. தானே அடித்தான்.

வவுனியா அண்ணா: அதே கீயை எத்தனை பேருக்கு அடித்தானோ. என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம், டிஃபென்டர் போதும். அந்த லப்டொப் விண்டோஸ் 10. அதற்கான இலவச உதவி 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தாலும், டிஃபென்டரின் வைரஸ் பட்டியல் 2028 ஒக்டோபர் வரை வரும்.

கனடாச் சித்தப்பா: சிவப்பு இருக்கட்டும். காசு கட்டியது.

அப்பா: 🎤 குரல் செய்தி (1:12)

மாமி: சின்னண்ணை சொல்வது, முதலில் கல்வெட்டை எடுக்கட்டாம். சண்டையை முப்பத்தொன்றுக்குப் பிறகு பிடிக்கட்டாம்.

(8.51)

நான்: வந்துவிட்டது!!! 24 பக்கமும் இருக்கு. லப்டொப்பில் ஒரு பிரதி, அண்ணாவின் மெயிலுக்கு ஒன்று. பச்சையைக் கழற்றிவிட்டேன். ரீஸ்டார்ட் கேட்கிறது.

பெரியம்மா: 🙏🙏

மல்லாவிப் பெரியப்பா: அந்தப் பொடியனிடம் போய்க் காசைக் கேட்கிறேன்

மச்சான்: இரண்டாவது பச்சை போட்டுக்கொண்டு வருவீர்கள்

கனடாச் சித்தப்பா: பிள்ளை, என் கவிதை இருக்கா?

நான்: இருக்கு சித்தப்பா. 17ஆம் பக்கம். பெரியப்பாவின் கவிதைக்குக் கீழே.

கனடாச் சித்தப்பா: கீழேயா?

வவுனியா அண்ணா: சிவப்பை என்ன செய்வது என்று சொல்லுங்கள்

கனடாச் சித்தப்பா: பக்கம் மாற்றலாமா இப்போது?

நான்: கரண்ட் போய்விட்டது. பட்டரி 11 வீதம்.

மாமி: வாழையிலைக்கு யார் பொறுப்பு என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை