ராமேஸ்வரம் பக்கம் வீடு தேடியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ராமேஸ்வரத்திலிருந்து:

பதினோரு வருடமாகக் கோயிலுக்கு மேற்கே ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். அதை யாத்ரீகர்களுக்கு ரூமாக மாற்றப்போகிறேன், காலி செய்யுங்கள் என்று வீட்டின் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். சரி, கடனை வாங்கியாவது சொந்தமாக ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று நானும் என் கணவரும் இறங்கினோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை, அவருக்கு மருந்துக்கடையில்.

முதலில் பார்த்த வீடு இரண்டரை செண்ட். இரண்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சமையல்கட்டு, கொல்லையில் கழிப்பறை. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, குடிக்கக் குடக் கணக்கில் வாங்க வேண்டும். 52 லட்சம் என்றார் அந்தப் பெரியவர். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே உட்காரச் சொல்லிக் கணக்குச் சொன்னார்: "ரெண்டு ரூமையும் நாளுக்கு 1,500ன்னு விட்டா, மாசத்துல பதினஞ்சு நாள் ஆள் வந்தாலே 45,000 வருதும்மா. லாட்ஜ் கட்டுறவங்க அதை வச்சுத்தான் விலை கேக்குறாங்க. உனக்குக் குறைச்சுக் குடுத்தா என் புள்ளைக என்னைக் கேப்பாங்க." நாங்கள் இப்போது கொடுக்கும் வாடகை 7,000. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் குடும்பம் குடியிருக்கிற வீட்டுக்கு லாட்ஜ் ரூம் கணக்கில் விலை வைத்தால், இந்த ஊரில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர்களும் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்களும் எங்கே குடியிருப்பது?

பேங்க்குக்குப் போனதும்தான் அடுத்த சிக்கல் புரிந்தது. அந்தத் தெருவுக்கு அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பு, கேட்ட விலையில் பாதிகூட வராது. பத்திரத்தில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்கிறார் தரகர். பத்திரத்தில் எழுதுகிற தொகையைப் பார்த்துத்தான் கடன் என்கிறது பேங்க். அப்படியென்றால் பாதிக்கு மேல் பணம் கையில் இருக்க வேண்டும். மாதச் சம்பளக்காரரிடம் அது எப்படி இருக்கும்? முழு விலையையும் எழுதலாம் என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 52 லட்சத்துக்கு அதுவே 4,68,000 ரூபாய்.

இதற்கிடையில் பாலமும் வந்தது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து, "புதுப் பாலம் திறக்கட்டும், அப்புறம் பேசலாம்" என்று விற்கிறவர்கள் காத்திருந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்தார்கள். ஊருக்கு மறுபடி ரயில் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் பேசி வைத்திருந்த இன்னொரு வீட்டுக்காரர் அடுத்த வாரமே ஆறு லட்சம் ஏற்றிச் சொன்னார்.

கீழக்கரையிலிருந்து:

அக்கா, எங்கள் ஊரில் லாட்ஜ்காரர்கள் போட்டி இல்லை. ஆனாலும் ஊருக்குள் ஒரு பழைய வீட்டு விலையைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார்.

நாங்கள் மூன்று பெண்கள். மூத்த ராத்தாவுக்கு உம்மாவின் வீடு. இரண்டாவது ராத்தாவுக்காக அதே வீட்டின் நடுவில் சுவர் எழுப்பினார்கள், முற்றம் பாதியாகிப்போனது. எனக்கு இடம் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒன்றேமுக்கால் செண்டில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்தது. 38 லட்சம். ஊருக்கு வெளியே அந்தப் பணத்தில் பாதிக்கே புது வீடு கிடைத்திருக்கும். உம்மா சம்மதிக்கவில்லை. "மூணு பேரும் நான் நடந்து வர்ற தூரத்துல இருக்கணும்" என்றார். இங்கே எல்லா உம்மாவும் அதையேதான் சொல்கிறார்கள். மூன்று பெண் பிறந்த வீட்டுக்கு மூன்று வீடு வேண்டும், தெருவோ இருந்த நீளத்தில்தான் இருக்கிறது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

வாப்பா சவூதியிலிருந்து 2019இல் ஊருக்கே வந்துவிடுவதாக இருந்தார். இந்த வீட்டுக்காக இன்னும் நாலு வருடம் அங்கேயே இருந்தார். வரும்போது முழங்கால் போய்விட்டது. இந்த வீட்டு வாசலில் அவர் படியைப் பிடித்து ஏறுவதை என்னால் இன்றைக்கும் நின்று பார்க்க முடியாது.

தங்கச்சிமடத்திலிருந்து:

நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். சொந்த வீடு வாங்குகிற பேச்சே எங்களிடம் கிடையாது, ஒத்திதான்: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்போம், காலி செய்யும்போது அது திரும்ப வரும். 4 லட்சம் கொடுத்து மூன்று வருடத்துக்கு ஒரு வீடு பிடித்தேன். அதில் பாதி மனைவியின் நகை. இரண்டாவது வருடமே வெளியூர்க்காரர் ஒருவருக்கு வீட்டை விற்றுவிட்டு, ஒத்திப் பணத்தை இரண்டு தவணையாகத் தந்தார்கள். அதுவும் மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் கிடக்கும், அந்த நேரத்தில் கையில் வந்த முதல் தவணை சாப்பாட்டுக்கே போய்விட்டது.

ராமநாதபுரத்தில் மலிவாகக் கிடைக்குமே என்று எல்லாரும் சொல்கிறார்கள். கடலுக்குப் போகிறவன் அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வருவது? காற்று திரும்பினால் நடுராத்திரியில் எழுந்து போய்ப் படகைப் பார்க்க வேண்டும்.

என் தாத்தா 1964 புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்து கடற்கரையில் குடிசை போட்டார். அந்த இடம் இன்னும் இருக்கிறது, பட்டா இல்லை. கடல் நீர் ஏறி வருகிற உச்சக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோரச் சட்டம் பிடிக்கும், நினைத்தபடி கட்ட முடியாது. கடலைக் காக்கிற சட்டம், அது இருக்கட்டும். ஆனால் தீவுக்கு நாலு பக்கமும் கடல். கட்டக்கூடிய நிலம் ரோட்டை ஒட்டிக் கொஞ்சம்தான், அதற்குத்தான் இத்தனை பேரும் மோதுகிறோம்.

மண்டபத்திலிருந்து:

விலை குறைவாகச் சொன்னால் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு ஒரு செண்ட் 2 லட்சம் என்று காட்டிய இடம் புறம்போக்கு. வில்லங்கச் சான்றும் மூலப் பத்திரமும் கேட்டதும் தரகர் போனையே எடுக்கவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து:

தங்கச்சி, வாப்பாவுக்கு என் சலாம் சொல்லுங்கள். தம்பி, அந்த இரண்டாவது தவணை முழுதாக வந்துவிட்டதா?

உச்சிப்புளியில் 4 செண்ட் வீடு ஒன்று, தனிப்பட்டா, 24 லட்சம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். காலையில் எட்டரைக்குள் நான் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், பஸ் நேரத்தை விசாரித்துவிட்டேன். ரயில் நிலையத்துக்குத் தெற்கே கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று அங்கே இருக்கிறவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.