அனுபவப் பகிர்வு: ஆப்பிரிக்க எண்ணெய்க் குழாய்த் திட்டங்களில் பணியாற்றியவர்களே, மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

தோபா_2002

2002-இல் ஏழு மாதம் சாட் நாட்டின் தோபா எண்ணெய் வயல்களில் வெல்டிங் ஆய்வாளராக இருந்தேன். அங்கிருந்து கேமரூனின் கிரிபி கடற்கரை வரை 1,070 கிலோமீட்டர் குழாய் பதித்த வரலாறு இங்குள்ளவர்களுக்குத் தெரிந்ததுதான். என்னை இன்றுவரை உறுத்துவது அங்குள்ள சந்தையில் நான் வாங்கிய ஒரு கோழி.

கோமே என்ற இடத்தில் இருந்த எங்கள் பணியாளர் முகாமின் வாசலை ஒட்டி, வேலை கிடைக்கும் என்று நம்பி வந்து காத்துக் கிடந்தவர்களால் ஒரு குடியிருப்பே உருவாகியிருந்தது. அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிய சந்தையில், கோழிக்காரர் சொன்ன விலையை நான் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் நின்ற முதிய அம்மாள், துணி முனையில் முடிந்து வைத்திருந்த காசுகளை அவிழ்த்து உள்ளங்கையில் ஏந்தியிருந்தார். அவரிடமும் அதே விலைதான் சொல்லப்பட்டது. அவர் என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு காசுகளை ஒவ்வொன்றாகத் துணியில் வைத்து, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் போய்விட்டார். ஆறு மாதத்துக்கு முன்பு இதில் பாதி விலைதான் இருந்தது என்று எங்கள் ஓட்டுநர் சொன்னார்.

மரத்தையும் நிலத்தையும் இழந்தவர்களுக்கு, போதுமோ போதாதோ, இழப்பீடு என்று ஒன்று இருந்தது. நிலம் எதையும் இழக்காமல் விலைவாசியால் மட்டும் அடிபட்ட அந்த அம்மாளுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

தணிக்கைக்காரன்

தோபா நண்பர் கட்டுமானக் காலத்தைச் சொன்னார். எண்ணெய் 2003-இல் ஓடத் தொடங்கியது. நான் அங்கே போனது 2005-இல்.

உலக வங்கி இந்தத் திட்டத்தில் பணம் போட ஒப்புக்கொண்டதற்கு அடிப்படையே 1999-இல் சாட் நடைமுறைப்படுத்திய எண்ணெய் வருவாய்ச் சட்டம்தான். நேரடி வருவாயில் 10 விழுக்காடு வருங்காலத் தலைமுறைக்கான நிதிக்குப் போக வேண்டும். மீதியில் 80 விழுக்காடு கல்வி, மருத்துவம், ஊரக வளர்ச்சி போன்ற துறைகளுக்கும், 5 விழுக்காடு எண்ணெய் எடுக்கப்படும் பகுதிக்கும் போக வேண்டும். காகிதத்தில் இதைவிடத் தெளிவான சட்டத்தை நான் பார்த்ததில்லை.

அந்தப் பணத்தில் கட்டிய ஒரு பள்ளியைப் பார்க்கப் போனோம். சுவரில் சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. கதவில் பூட்டுத் தொங்கியது. கட்டடம் இன்னும் முறைப்படி ஒப்படைக்கப்படவில்லை என்றார்கள். சன்னல் வழியே பார்த்தபோது உள்ளே பெஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. வெளியே மரத்தடியில் எழுபது எண்பது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்க, பெற்றோர்கள் சோளம் அளந்து அமர்த்தியிருந்த ஓர் இளைஞர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் புகார் எதுவும் சொல்லவில்லை. சாக்குக்கட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். என் பையில் பேனா இருந்தது, கணக்குப் புத்தகம் இருந்தது, சாக்குக்கட்டி இல்லை.

அடுத்த ஆண்டு தொடங்குவதற்குள்ளாகவே நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி, வருங்கால நிதியைக் கலைத்து, பாதுகாப்புச் செலவையும் முன்னுரிமைத் துறைகளில் சேர்த்தது. உலக வங்கி கடனை நிறுத்தியது. சில மாதங்களில் சமரசமும் ஆனது. கடைசியில் 2008-இல் சாட் அரசு பாக்கியை முன்கூட்டியே அடைத்துவிட, வங்கி வெளியேறியது. எண்ணெய் விலை உயர்ந்து கையில் பணம் புரளத் தொடங்கிய பிறகு, கடன் கொடுத்தவரின் நிபந்தனைக்கு என்ன பிடிமானம் இருக்க முடியும்? குழாயைப் பதிக்க மூன்று ஆண்டுகள் போதுமானதாக இருந்தது. வாத்தியாருக்கு மாதாமாதம் சம்பளம் போய்ச் சேரும் நிர்வாகத்தை அந்த மூன்று ஆண்டுகளில் கட்ட முடியவில்லை.

ஹோய்மாவாசி

மேலே எழுதிய இருவர் மீதும் மதிப்பு உண்டு. ஆனாலும் தோபா நண்பருடன் உடன்பட முடியவில்லை. ஏழை நாட்டில் எந்தப் பெரிய வேலை நடந்தாலும், அது அணையானாலும் சாலையானாலும், சந்தை விலை ஏறத்தான் செய்யும். உகாண்டாவுக்குக் கடற்கரை இல்லை. வணிக அளவில் எண்ணெய் இருப்பது 2006-இல் உறுதியானது. தான்சானியாவின் தாங்கா துறைமுகம் வரை 1,443 கிலோமீட்டருக்குக் குழாய் போடாமல் அந்த எண்ணெயை எப்படி விற்பது? அந்த எண்ணெய் மெழுகுத் தன்மை கொண்டது. ஏறத்தாழ 50 பாகைச் சூட்டில் வைக்காவிட்டால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். இவ்வளவு செலவு பிடிக்கும் வேலையில் இரண்டு அரசுகளும் தலைக்கு 15 விழுக்காடு பங்கு வைத்திருப்பதைச் சிறிய விஷயமாக நான் கருதவில்லை.

என் அனுபவம் சுருக்கமானது. 2020-இல் உகாண்டாவின் ஹோய்மா பக்கம் ஒரு வீட்டில் மழைக்கு ஒதுங்கினேன். தகரக் கூரை ஒழுகி, மூன்று இடங்களில் பாத்திரம் வைத்திருந்தார்கள். இழப்பீட்டுக்கான கணக்கெடுப்பு முடிந்த தேதிக்குப் பிறகு வீட்டில் செய்யும் எந்த வேலைக்கும் இழப்பீடு கிடையாது, நீண்ட காலப் பயிர் வைக்கவும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இழப்பீட்டுப் பணமோ இன்னும் வந்தபாடில்லை. "தகரத்தை மாற்றலாமா, கூடாதா?" என்று வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். நான் அந்த வேலைக்குத் தொடர்பில்லாத கட்டுமான ஆள், தெரியாது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, நிரம்பிய பாத்திரத்தை எடுத்து வாசலில் ஊற்றினார்.

இனி இத்தகைய வேலைக்குப் போகும் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள். மரங்களை எண்ணும்போது வீட்டுக்காரரையும் கூடவே நடக்கச் சொல்லுங்கள். அவருக்குப் புரியும் மொழியில் எழுதிய பட்டியலின் படி ஒன்று அவர் கையில் இருக்க வேண்டும். வீட்டில் கணவர் கைநாட்டு வைத்தாலும், அந்த நிலத்தில் உழைக்கும் மனைவிக்கும் தொகை தெரிய வேண்டும். குழி தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவித்து, மூடும்போது அதையே மேலே போடுகிறார்களா என்று பாருங்கள். அடிமண் மேலே வந்தால் குழாய்ப் பாதையின் முப்பது மீட்டர் அகலத்துக்குச் சோளம் வெளுத்துப் போய் நிற்கும். முகாமுக்கு வேண்டிய காய்கறியையும் கோழியையும் சந்தையில் கண்டபடி வாங்காமல், சுற்றுக் கிராமத்து உற்பத்தியாளர் குழுக்களிடம் ஆண்டு ஒப்பந்தமாக வாங்கினால், முகாமின் தேவைக்கு ஏற்ப அவர்களும் கூடுதலாக வளர்ப்பார்கள். சந்தைச் சரக்கின் மீது அழுத்தம் குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கெடுப்புக்கும் பணம் கொடுப்பதற்கும் இடையில் ஓராண்டுக்கு மேல் போனால் மதிப்பீட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள்.

ஜூபா மருத்துவர்

ஆலோசனை நல்லதுதான், ஐயா. ஆனால் குழாய் யாருடைய மண் வழியாகப் போகிறது என்பதையும் அதில் சேர்க்க வேண்டும்.

தென் சூடான் விடுதலை பெற்றது 2011 ஜூலையில். அப்போது அரசு வருவாயில் ஏறக்குறைய 98 விழுக்காடு எண்ணெயிலிருந்து வந்தது. அந்த எண்ணெய் முழுவதும் சூடான் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வழிக்கட்டணத் தகராறில், ஆறே மாதத்தில் உற்பத்தியை நிறுத்தினார்கள். மீண்டும் தொடங்க 2013 ஏப்ரல் ஆயிற்று. அந்த நாட்களில் எங்கள் பிரசவ வார்டில் இருந்த செவிலியர் ஒருவர், பழைய பதிவேட்டின் ஓரங்களில் விட்டிருந்த வெற்றிடத்தில் புதிய தாய்மார்களின் பெயர்களைப் பொடி எழுத்தில் நெருக்கி எழுதிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "குழாய் மூடியிருக்கிறதே, டாக்டர்" என்றார், மழை பெய்கிறது என்று சொல்வதைப் போல.

2024 பிப்ரவரியில் சூடான் போருக்கு நடுவே குழாய் சேதமடைந்து ஏற்றுமதியின் பெரும்பகுதி நின்றுபோன செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தப் பொடி எழுத்துதான் நினைவுக்கு வந்தது.

தோபா_2002

ஹோய்மாவாசி ஐயாவுக்கு: குழாயே வேண்டாம் என்று நான் எழுதவில்லை. அந்தக் குழாயில் என் கை பட்ட இணைப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவை ஒழுகாமல் இருப்பதில் எனக்குப் பெருமை உண்டு. விலை ஏறும் என்பது தெரிந்த ஒன்று என்றால், இழப்பீட்டுப் பட்டியல் போடும்போதே அதையும் கணக்கில் எடுத்திருக்கலாம் அல்லவா என்பதே என் கேள்வி. ஒப்பந்தக் கொள்முதல் பற்றி நீங்கள் சொன்னதை அன்றே யாராவது எங்கள் முகாமில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நான் ஒவ்வொரு பொருளுக்கும் பேரம் பேசித்தான் வாங்கினேன். முகாமில் ஆயிரக்கணக்கானோர் இருந்தோம்; விலை இறங்கவில்லை. அந்த அம்மாளைத் தேடி மேலும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அதே இடத்தில் போய் நின்றேன். அவர் வரவில்லை.