எம்.ஏ. பொருளாதாரம்: எல்லாத் தேர்விலும் பாஸ், ஆனால் பட்டம் ‘முடிக்கவில்லை’ என்று காட்டுகிறது. உதவி தேவை

கரூர்க்காரி:
எல்லோருக்கும் வணக்கம். நான் பி.காம். முடித்து ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கிறேன். அஞ்சல் வழியில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாமே. புராஜெக்ட்டையும் சேர்த்து மொத்தம் 12 தாள், எல்லாவற்றுக்கும் ஒரே கிரெடிட். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

போன தேர்வோடு கடைசித் தாளையும் எழுதி முடித்துவிட்டேன். எந்தத் தேர்வுத் தாளிலும் 45க்குக் கீழே போகவில்லை. நானே கூட்டிப் பார்த்ததில் மொத்த சராசரி 53.1 வருகிறது. ஆனால் இணையதளத்தில் என் பதிவெண்ணைப் போட்டால் இன்னும் ‘முடிக்கவில்லை’ என்றே வருகிறது. ஸ்டடி சென்டருக்குப் போன் செய்தால் மணி அடிக்கிறதே தவிர எடுக்க ஆளில்லை. எனக்கு இப்போது 29 வயது. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத வேண்டும் என்று ஆசை, அதனால்தான் பதற்றமாக இருக்கிறது. இங்கே யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தறிச்சத்தம்:
சகோதரி, புராஜெக்ட்டுக்கு முதலில் சுருக்கம் அனுப்பி ஒப்புதல் வாங்கினீர்களா? என்னோடு படித்த ஒருவர் ஒப்புதலே வாங்காமல் முழு அறிக்கையையும் பைண்டு செய்து அனுப்பினார், அப்படியே திரும்பி வந்துவிட்டது. ஆறு மாதம் வீண்.

கரூர்க்காரி:
வாங்கினேன் அண்ணா. ஒப்புதல் தாளில் வழிகாட்டியின் கையெழுத்தும் இருக்கிறது. தலைப்பு, கரூர் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதித் தொழிலில் பீஸ் ரேட் கூலி. 60 தொழிலாளர்களை நேரில் பார்த்துக் கேட்டு எழுதினேன். அதில் 61 மார்க் வந்திருக்கிறது.

ஆர்டிஐ_ஆறுமுகம்:
முதுகலைக்கு 50 வந்தால் போதும். உங்களுக்கு 53 இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், தானாகப் பட்டம் வீடு தேடி வரும்.

பழைய_வாத்தியார்:
ஆறுமுகம் தம்பி, மனு போடுவதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் சொல்லும் 50 நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் கீழ் இருக்கும் கல்லூரிகளில் பரவலாக உள்ள கணக்கு. அங்கே உள்மதிப்பீடு 25, செமஸ்டர் தேர்வு 75, தேர்ச்சிக்கு 50. அஞ்சல் வழியில் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இக்னோவை (மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எடுத்துக்கொண்டால் அசைன்மென்ட்டில் தனியாக 40, தேர்வில் தனியாக 40 வாங்க வேண்டும். இரண்டையும் கூட்டி சராசரி பார்த்துப் பாஸ் போட மாட்டார்கள். இந்த அம்மா படிக்கும் இடத்திலும் 30க்கு 70 என்பதால், விதியும் அதே மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மா, தேர்வு மார்க்கை மட்டும் சொன்னீர்கள். அசைன்மென்ட் மார்க்குகளைத் தாள்வாரியாகப் போடுங்கள் பார்ப்போம்.

கரூர்க்காரி:
ஐயா, இப்போதுதான் பார்க்கிறேன். நுண்ணியல் பொருளாதாரத்தில் தேர்வு 58, அசைன்மென்ட் 34. மற்ற எல்லாவற்றிலும் 50க்கு மேல் இருக்கிறது. 58இல் 70 சதவீதம் 40.6, 34இல் 30 சதவீதம் 10.2, கூட்டினால் 50.8. அதனால் பாஸ் என்றே நினைத்து விட்டுவிட்டேன்.

பழைய_வாத்தியார்:
அதேதான். கையேட்டை எடுத்து ‘தேர்ச்சி விதிகள்’ என்ற பகுதியைப் படியுங்கள். அசைன்மென்ட்டுக்குத் தனிக் குறைந்தபட்சம் போட்டிருக்கும். அந்த 34தான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

கரூர்க்காரி:
படித்தேன். போட்டிருக்கிறது, தனித்தனியாக 40. எனக்கு நானே தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான். 😑

பழைய_வாத்தியார்:
அடித்துக்கொள்ள வேண்டாம், இது சரிசெய்யக் கூடிய விஷயம். தேர்வை மறுபடி எழுத வேண்டியதில்லை, 58 அப்படியே நிற்கும். அசைன்மென்ட்டை மட்டும் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒன்றில் கவனமாக இருங்கள். நடப்புப் பருவத்துக்கான வினாத்தாளை இறக்கி அதற்கே பதில் எழுதுங்கள். பழைய வினாத்தாளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மதிப்பீடே இல்லாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். படிப்பை முடிக்க அதிகபட்சம் எத்தனை ஆண்டு என்பதையும் பாருங்கள்.

கரூர்க்காரி:
4 ஆண்டு. எனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. நன்றி ஐயா. ஆனால் 34 ஏன் வந்தது என்றே புரியவில்லை, பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

வரைபடம்77:
பதிலை எங்கிருந்து எழுதினீர்கள்? கடையில் விற்கும் கைடா? கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் முதல் பருவத்தில் அதைத்தான் செய்தேன்.

கரூர்க்காரி:
ஆமாம். கையெழுத்து மட்டும்தான் என்னுடையது. ஸ்லட்ஸ்கி (விலை மாற்றத்தின் விளைவைப் பிரித்துக் காட்டிய பொருளாதார அறிஞர்) பற்றி ஒரு பெரிய கேள்வி, 20 மார்க். விலை விளைவு என்றால் என்ன, பதிலீட்டு விளைவு என்றால் என்ன என்று வரையறைகளாக நாலு பக்கம் நிரப்பினேன். படம் போடவில்லை. வந்தது 5 மார்க்.

வரைபடம்77:
அங்கேதான் போயிருக்கிறது. முதுகலையில் ‘பிரித்துக் காட்டுக’ என்றால் வரையறையோடு நிறுத்தக் கூடாது, எண்ணாலோ படத்தாலோ பிரித்தே காட்ட வேண்டும். வீட்டுக் கணக்கிலேயே பாருங்கள். பொன்னி அரிசி கிலோ 50 ரூபாய். மாதம் 25 கிலோ வாங்குகிறீர்கள், 1250 ரூபாய். விலை 60 ஆகிறது. அதே 25 கிலோ வேண்டுமென்றால் 250 ரூபாய் கூடுதலாக வேண்டும். ஸ்லட்ஸ்கி என்ன செய்கிறார்? அந்த 250ஐ உங்கள் கையில் கொடுத்துவிட்டு, இப்போது எவ்வளவு வாங்குவாய் என்று கேட்கிறார். பழைய 25 கிலோவையே வாங்க முடியும். ஆனாலும் அரிசி மற்றதைவிட விலை ஏறிவிட்டதால் ராத்திரி சப்பாத்திக்கு மாறி 22 கிலோ வாங்குகிறீர்கள். குறைந்த 3 கிலோ பதிலீட்டு விளைவு. இனி அந்த 250ஐத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். கை இறுகி 20 கிலோவாகக் குறைகிறது. இந்த 2 கிலோ வருமான விளைவு. மொத்தம் 5 கிலோ, அதுதான் விலை விளைவு.

ஹிக்ஸ் என்ற இன்னொரு பொருளாதார அறிஞரின் முறையில் 250 கணக்கு வராது. பழைய சமநோக்கு வளைகோட்டிலேயே (ஒரே அளவு திருப்தி தரும் கோடு) உங்களை நிற்க வைக்கத் தேவையான பணத்தை மட்டும்தான் அவர் கொடுப்பார், அது 250ஐவிடக் குறைவாக இருக்கும். இந்த வித்தியாசத்தை ஒரே படத்தில் இரண்டு விலைக்கோடுகளாகப் போட்டுக் காட்டினால் திருத்துபவர் மனம் குளிர்ந்துவிடும். வருமானம் குறையும்போது அதிகமாக வாங்கும் தாழ்வான பண்டம் என்றால் இரண்டு விளைவும் எதிரெதிராக இழுக்கும். வருமான விளைவு ஜெயித்துவிட்டால் அதுதான் கிஃபன் பண்டம். இதையும் ஒரு பத்தி எழுதுங்கள்.

(கூடுதல் தகவல்: ஸ்லட்ஸ்கி இதை 1915இல் ஒரு இத்தாலிய இதழில் எழுதினார். 1930களில் ஹிக்ஸும் ஆலனும் தாங்களாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. நமக்கு 5 மார்க் வந்ததெல்லாம் பெரிய சோகமில்லை.)

கரூர்க்காரி:
இப்படி ஒருத்தரும் சொல்லித் தந்ததில்லை. 250 ரூபாய் கதை வாழ்நாளுக்கும் மறக்காது!

தறிச்சத்தம்:
இன்னொரு விஷயம். உங்கள் 53.1 எந்தத் தேர்வுக்குப் போதும், எதற்குப் போதாது என்று பார்த்தீர்களா? இந்தியப் பொருளாதாரப் பணிக்கு மதிப்பெண் சதவீதம் கேட்பதில்லை. பொருளாதாரம், பயன்பாட்டுப் பொருளாதாரம், வணிகப் பொருளாதாரம், பொருளியல் அளவையியல் இவற்றில் ஒன்றில் முதுகலை இருந்தால் சரி. வயது, தேர்வு நடக்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1 கணக்குப்படி 21 முடிந்து 30க்குள் இருக்க வேண்டும். ஓபிசிக்கு 3 ஆண்டு தளர்வு உண்டு. ஆனால் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக நெட் தேர்வு எழுதுவதென்றால் முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கு 50.

கரூர்க்காரி:
நான் பிசி. அப்படியென்றால் 50 போதும்தானே?

தறிச்சத்தம்:
மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும், கிரீமிலேயரிலும் (வசதி படைத்த பிரிவு) வரக் கூடாது. நம்மூர் பிசி சான்றிதழை நீட்டினால் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓபிசி சான்றிதழ் வாங்க வேண்டும். இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் அலைய முடியாது.

பழைய_வாத்தியார்:
எதற்கும் 55ஐத் தொட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அசைன்மென்ட் 34இலிருந்து 70 ஆனால் 36 மார்க் கூடும், அதில் 30 சதவீதம் 10.8. 12 தாளுக்குப் பகிர்ந்தால் சராசரியில் 0.9 ஏறும், 54.0 வரும். மீதி 1.0க்கு மொத்தத்தில் 12 மார்க் வேண்டும். ஏதாவது ஒரு தேர்வில் இப்போது இருப்பதைவிட 18 மார்க் கூடுதலாக எடுத்தால் தொட்டுவிடலாம். மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள மறுதேர்வு எழுத விடுவார்களா, எத்தனை தாளுக்கு, எப்போது என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். கையேட்டில் அதையும் தேடுங்கள்.

பொறியாளன்_பாலு:
குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும். நான் பி.இ. மெக்கானிக்கல். எம்.ஏ. பொருளாதாரம் சேரலாமா?

வரைபடம்77:
இக்னோவில் எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாதிரி இடம் என்றால் க்யூயெட் முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நுண்கணிதமும் அணிகளும் உங்களுக்குத் தெரிந்ததே, அதனால் அளவையியல் தாளில் பயமில்லை. ஆனால் பள்ளியில் முதுகலை ஆசிரியர் வேலை உங்கள் நோக்கமென்றால், இளங்கலை வேறு பாடம் முதுகலை வேறு பாடம் என்பது சிக்கலாகலாம். அந்த அறிவிப்பில் கிராஸ் மேஜர் பற்றி என்ன சொல்கிறது என்று முதலில் படியுங்கள். அஞ்சல் வழி என்றால், நீங்கள் சேரும் ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். போன வருடம் இருந்தது என்பது போதாது.

கரூர்க்காரி:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். லீவு போட்டு ஸ்டடி சென்டருக்கு நேரிலேயே போனேன். ஐயா சொன்னதேதான் காரணம். நடப்பு வினாத்தாளை வாங்கி ஐந்து கேள்விக்கும் சொந்தமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். பொன்னி அரிசிக்குப் பதில் நல்லெண்ணெயை வைத்தேன், படம் இரண்டு போட்டேன். ரசீதில் முத்திரையும் தேதியும் வாங்கிப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். மறுதேர்வு எத்தனை தாளுக்கு என்று கேட்டதற்கு, முதலில் இது முடியட்டும் என்றார்கள். மார்க் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.

பழைய_வாத்தியார்:
நல்லது அம்மா. ரசீதின் அசலைத் தொலைத்துவிடாதீர்கள்.