போர்வெல் மோட்டார் கம்பிக் கயிறு: யூ கிளாம்ப் நழுவுது, வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. எங்க தோட்டத்துல போர்வெல் 420 அடி ஆழம். மோட்டார் எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப்புல தொங்குது, பாதுகாப்புக்கு 6 மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பிக் கயிறு. நேத்து மோட்டாரை வெளிய எடுத்தப்ப மேல் முனையைப் பார்த்து பகீர்னு ஆயிடுச்சு. கயிறை வளையமா மடக்கி இறுக்குற மூணு ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) யூ கிளாம்புல ரெண்டு துருப்பிடிச்சு, நட்டு கையாலயே சுத்துது. கயிறோட வால் முனை (மடக்கி விட்ட பாரமில்லாத முனை) ஒரு விரக்கடை உள்ள இழுத்திருக்கு. வளையத்துல கயிறு நசுங்காம இருக்க உள்ள வைக்கிற உலோகக் காடி, அதான் திம்பிள், அதுவும் இல்ல. மடங்கின இடத்துல ரெண்டு கம்பி அறுந்து முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு.

கிளாம்பையும் திருப்பி மாட்டியிருக்காங்க. சேடில் (கிளாம்போட அடிக்கட்டை) பாரம் தாங்குற கயிறு பக்கம் உட்காரணும், யூ போல்ட் வால் முனை பக்கம் வரணும். இங்க யூ போல்ட்டே பாரக் கயிறை நசுக்கி பள்ளம் போட்டிருக்கு.

எங்களுது உப்புத் தண்ணி. எஸ்.எஸ்.ல 304 கிரேடு போதுமா, 316 கிரேடுதான் வாங்கணுமா? நசுங்கின முனையை மட்டும் வெட்டிட்டு, திம்பிள் வச்சு மறுபடி கட்டலாமா, இல்ல முழுக் கயிறையும் மாத்தணுமா? கோயம்புத்தூர் பக்கம் கிளாம்புக்குப் பதிலா ஃபெரூல் (கயிறு மேல நசுக்கிப் பிடிக்கிற உலோகக் குழல்) வச்சு மெஷின்ல பிரஸ் பண்ணித் தர்ற கடை இருக்கா?

அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. மோட்டார் களத்துலயே கிடக்கு, தென்னைக்குத் தண்ணி பாய்ச்சி நாலு நாளாச்சு.