தலை சிடி: திரும்ப எடுத்த ஸ்கேனைக் கணக்கில் சேர்க்கணுமா?

கண்டனூர் மாணவி:
இமேஜிங் டெக்னாலஜி கடைசி வருஷம். காரைக்குடியில ஒரு ஸ்கேன் சென்டர்ல பயிற்சி. பிராஜெக்டுக்காக 50 பேரோட தலை சிடி டோஸ் ரிப்போர்ட்டை (கதிர்வீச்சு அளவுக் குறிப்பு) நோட்டுல எழுதியிருக்கேன். சிடிடிஐ (மெஷின் வெளியிடுற கதிர்வீச்சோட அளவு) எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கு, டிஎல்பி (சிடிடிஐயை ஸ்கேன் நீளத்தால பெருக்கின மொத்தம்) மட்டும் 6 பேருக்கு இரட்டிப்பு. தேடிப் பார்த்தா ஆறுமே இரண்டாம் தடவை எடுத்தவை. நாலு பேர் ஆச்சிமார். தோட்டோட படுக்க வெச்சிருக்காங்க, காதுக்கு நேரா படம் பூரா கோடு கோடா விழுந்திருக்கு. "ஆறையும் எடுத்துரு, சராசரி ஒழுங்கா வரும்"ங்கிறாங்க கூடப் படிக்கிறவங்க. எனக்கு மனசு ஒப்பலை. என்ன செய்யட்டும்?

தேவகோட்டை டெக்னீஷியன்:
எடுக்காதீங்க தங்கச்சி. சிடிடிஐ 60 மில்லிகிரே, நீளம் 15 செ.மீ.ன்னா டிஎல்பி 900. திரும்ப எடுத்தா 1800. அந்த ஆச்சி வாங்கினது 1800தானே! அதை மறைச்சுட்டு பாதுகாப்பு பத்தி என்ன எழுதுறது? இன்னொண்ணு, சிடிடிஐங்கிறது 16 செ.மீ. அக்ரிலிக் உருளையில அளந்த கணக்கு. "நோயாளி தலையில இவ்வளவு பட்டது"ன்னு எழுதிடாதீங்க, வைவாவுல (வாய்மொழித் தேர்வு) அதைத்தான் முதல்ல பிடிப்பாங்க.

மருத்துவ இயற்பியல், மதுரை:
சராசரியே வேண்டாம், இடைநிலை (வரிசைப்படுத்தினா நடுவுல வர்ற மதிப்பு) எடுங்க. 2017-ல வந்த ஐசிஆர்பி (சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) 135-ம் அறிக்கை சொல்றதும் அதைத்தான். 50 பேர்ல 6 பேரால இடைநிலை பெருசா அசையாது. திரும்ப எடுத்ததுக்குத் தனி அட்டவணை போட்டு, பக்கத்துலேயே காரணத்தையும் எழுதுங்க. உங்க ஆய்வோட உயிர் அங்கேதான் இருக்கு. கதிர்வீச்சுல வேலை பார்க்கிற நமக்கு வருஷத்துக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட்னு வரம்பு இருக்கு, நம்ம மேல பட்டதை அளக்க டிஎல்டி பேட்ஜ் இருக்கு. நோயாளிக்கு வரம்பே கிடையாது. நாம பார்த்துக்கிட்டாத்தான் உண்டு.

தேவகோட்டை டெக்னீஷியன்:
தோடு விஷயம் எனக்கு நல்லாத் தெரியும். வருஷக்கணக்காக் கழற்றாத திருகாணி இறுகிப் போயிருக்கும். மேசையில படுத்தப்புறம் சொன்னா பதறுவாங்க. வரவேற்புலயே சொல்லி, கூட வந்த மகள்கிட்டயோ மருமகள்கிட்டயோ டப்பாவைக் கொடுத்துடுங்க. ஆனா பக்கவாதம்னு தூக்கிக்கிட்டு வந்தா தோட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே எடுத்துடணும்.

கண்டனூர் மாணவி:
சரிண்ணே, ஆறும் இருக்கட்டும். மத்த ரெண்டு பேரும் தலையை அசைச்சவங்க, பட்டை கட்டலை, அதையும் எழுதிட்டேன். இன்னைக்குப் பள்ளத்தூர்லேருந்து வந்த ஆச்சிக்கு வெளியே பெஞ்சுலயே தோட்டைக் கழற்றினோம். திருகாணிக்கு மட்டும் பத்து நிமிஷம் ஆச்சு. ஸ்கேன் ஒரே தடவைல முடிஞ்சுது.