மிச்சிகன் ஏரில ஜீப்ரா மட்டியை குவாகா மட்டி எப்படி காலி பண்ணுச்சு?

ஏரிக்கரைவாசி:
மக்களே ஒரு டவுட். நான் இருக்கறது மில்வாக்கி பக்கம், சாயங்காலம் ஏரிக்கரைல நடந்தா கால்ல நறுக்கு நறுக்குன்னு மிதிபடறது பூரா மட்டி ஓடுதான், கட்டைவிரல் நகம் சைஸ்ல. இத்தன நாளா ஜீப்ரா மட்டின்னு நெனச்சிட்டிருந்தேன், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னடான்னா இது குவாகா, ஜீப்ரால்லாம் எப்பவோ போயிடுச்சுன்றாரு. ரெண்டுமே கருங்கடல் பக்கத்துலேர்ந்து கப்பல் ஆடாம இருக்க அடில ஏத்தற பாலஸ்ட் தண்ணில வந்ததுதானே? ஜீப்ரா 1988லயே செயின்ட் கிளேர் ஏரில இருந்துச்சு. மொத வந்து துண்டு போட்டவன் எப்படி சீட்டை விட்டான்? மட்டி என்ன சண்டையா போடுது?

பாசிப்பாண்டி:
சண்டை போடாது, ஆனா ஒரே சட்டில கை வைக்கும் :) ரெண்டும் தண்ணிய உறிஞ்சி அதுல மிதக்கற பாசியை வடிகட்டித் திங்கற ஆளுங்க. சாப்பாடு தாராளமா இருக்கற வரைக்கும் ரெண்டும் வளரும், பெருசா பிரச்சன இல்ல. பஞ்சம் வந்தாதான் சுயரூபம் தெரியும். குவாகா சும்மா கிடக்கும்போது எரிக்கற எனர்ஜி கம்மி, தின்னதுல உடம்புல ஒட்டறது ஜாஸ்தி, அதனால அரைவயித்துக் கஞ்சிலயும் வளர்ந்துகிட்டே இருக்கும், அதே கஞ்சில ஜீப்ரா இளைச்சுப் போயிடும். அதுக்கு கெட்டியான ஓடு, பாறைல ஒட்டிக்கற நூலுன்னு வீட்டுச்செலவு வேற ஜாஸ்தி. ஏரித்தண்ணிய சுத்தமா வெச்சுக்க அமெரிக்காவும் கனடாவும் 1972ல போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம், ஏரிக்குள்ள போற பாஸ்பரஸை, அதாவது பாசிக்கு உரமானதை, குறைச்சாங்க, அதுலயே பாசி கம்மியாச்சு. 1997ல குவாகா மிச்சிகன்ல தலை காட்டுச்சு, 2005 வாக்குல அதோட ராஜ்ஜியம். அப்புறம் வசந்த காலத்துல வர்ற பாசி வெள்ளத்தையே தின்னு தீர்த்துருச்சு. இதான் கொடுமை, பஞ்சத்துல ஜெயிக்கறவனே பஞ்சத்தை உண்டாக்கறான்.

ஆத்துமேட்டான்:
பாண்டி அண்ணே, சாப்பாடு மட்டும்னு சொல்லிட முடியாது. ஜீப்ராவுக்கு புடிச்சிக்க கெட்டியா ஏதாவது வேணும், குவாகா அடியில சேத்துலயே குடும்பம் நடத்தும், 100 மீட்டருக்குக் கீழயும், 4 5 டிகிரி குளிர்லயும். மேல ஜீப்ரா தின்னுட்டிருந்தப்ப இது கீழ ஆளில்லாத எடத்தைப் பூரா வளைச்சுப் போட்டுருச்சு. அலை அடிக்கற, ஓட்டம் இருக்கற எடத்துல அந்த நூலும் கெட்டி ஓடும்தான் ஜீப்ராவைக் காப்பாத்துது. ஈரி ஏரியோட மேற்குப் பக்கம் ஆழமும் கம்மி, மௌமி ஆறு கொண்டு வந்து கொட்டற உரச்சத்தால பாசிக்கும் பஞ்சமில்ல, அங்க ஜீப்ரா ரொம்ப நாள் தாக்குப் புடிச்சுச்சு.

ஏரிக்கரைவாசி:
சூப்பர். அப்ப பாஸ்பரஸை திரும்ப கொட்டினா ஜீப்ரா திரும்பி வருமா?

பாசிப்பாண்டி:
அட போங்க சார், குவாகாவுக்கு நல்ல சாப்பாடு வேணாம்னா சொல்லுது? பஞ்சத்துல அதுக்கு இருக்கற அட்வான்டேஜ் கொஞ்சம் கொறையும், அவ்ளோதான். கொட்டினா பச்சையா நாத்தம் புடிச்ச மைக்ரோசிஸ்டிஸ்ங்கற விஷப்பாசிதான் முன்னாடி வரும். இந்த மட்டிங்க அதை வாய்ல வாங்கி சளி மாதிரி சுத்தி துப்பிட்டு மத்த பாசியைத் தின்னும், விஷப்பாசிக்கு போட்டி ஆளில்லாமப் போயிடும்.

ஆத்துமேட்டான்:
ஓட்டை எடுத்து டேபிள்ல வாய்ப்பக்கம் கீழ இருக்கற மாதிரி நிக்க வெச்சுப் பாருங்க. ஜீப்ராவுக்கு அடி தட்டையா இருக்கும், நிக்கும். குவாகா சாஞ்சிரும்.

ஏரிக்கரைவாசி:
ரெண்டு ஓடும் ஒட்டியே இருக்கறதா பொறுக்கி இப்பதான் பாத்தேன். பதினோரு ஓடு, பதினொண்ணும் விழுந்துருச்சு. பெரியவர்கிட்ட எப்படி ஒத்துக்கறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன்.