சமோவ மொழியில் ‘எங்கள் புத்தகங்கள்’ எப்படிச் சொல்வது?

செல்வி_ஆக்லாந்து:
ஆக்லாந்தின் மாங்கெரே பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். என் பொறுப்பில் ஒரு சமோவப் பாட்டி இருக்கிறார். ஆங்கிலம் அவருக்கு மறந்துகொண்டே வருகிறது. அதனால் நான்தான் அவர் மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் அலமாரியைக் காட்டி ‘ல மாத்தோவ் துசி’ என்றேன், எங்கள் புத்தகங்கள் என்ற நினைப்பில். பாட்டி மெல்லத் திருத்தினார்: ‘அ மாத்தோவ் துசி’. ‘ல்’லை விழுங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். மறுபடியும் அப்படியேதான் சொன்னார். துசி மாறவில்லை, மாத்தோவும் மாறவில்லை. அப்படியானால் நம் ‘கள்’ எங்கே?

பவளத்திட்டு:
அந்த ‘ல்’ போனதுதான் உங்கள் ‘கள்’, செல்வி. ‘லெ துசி’ என்றால் அந்தப் புத்தகம். பல புத்தகங்கள் என்றால் லெ போய்விடும், வெறும் ‘துசி’. அந்த லெயின் ‘ல்’தான் உடைமைச் சொல்லின் தலையிலும் நிற்கிறது. ‘லொ மாத்தோவ் ஃபலெ’ எங்கள் வீடு, ‘ஒ மாத்தோவ் ஃபலெ’ எங்கள் வீடுகள். மாத்தோவ் என்பது உடையவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லும், பொருளின் எண்ணிக்கையைச் சொல்லாது. நான் சமோவாவின் தலைநகர் அப்பியாவில் இருந்தபோது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே ஒரு மாதம் ஆனது.

உடையவர்கள் மூன்று பேருக்குக் குறையாமல் இருந்தால்தான் மாத்தோவ். இருவர் என்றால் ‘மா’. கேட்பவரையும் சேர்த்தால் தாத்தோவ், இருவருக்கு ‘தா’. நம், எங்கள் வேறுபாடு நமக்குப் பழக்கம் என்பதால் இதில் தடுமாற மாட்டீர்கள்.

கடலோரத்தான்:
பாட்டி ஜெபம் சொல்வாரா? கர்த்தரின் ஜெபத்தைக் கவனித்துக் கேளுங்கள். தொடக்கம் ‘லொ மாத்தோவ் தமா’, எங்கள் பிதா. கடவுளிடமே பேசுவதால் தாத்தோவ் வராது; தமிழ் ஜெபத்திலும் ‘எங்கள் பிதாவே’தான், ‘நம்’ இல்லை. அப்புறம் உணவைக் கேட்கும் இடத்தில் ‘அ மாத்தோவ் மெஆ எ ஐ’, பாவங்களுக்கு ‘அ மாத்தோவ் அஙசலா’. இரண்டும் பன்மை, ‘ல்’ இல்லை.

தந்தைக்கு ‘ஒ’, பாவத்துக்கு ‘அ’ ஏன் என்றால், தந்தை நமக்கு அமைந்தவர், பாவம் நாம் செய்தது. உடம்பு, வீடு, படகு எல்லாம் ‘ஒ’ பக்கம். நாம் செய்வதும் உண்பதும் ‘அ’ பக்கம். எல்லாச் சொல்லுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மனைவியை ‘அவா’ என்றால் ‘அ’ வரும், ‘தொஅலுவா’ என்றால் ‘ஒ’ வரும். இவற்றைப் பாட்டியிடம் கேட்டுத்தான் பழக வேண்டும்.

செல்வி_ஆக்லாந்து:
இருவருக்கும் நன்றி. நேற்று இரவு ஜெபத்தை அவரோடு சேர்ந்து சொன்னேன், ‘அ மாத்தோவ்’ வந்த இரண்டு இடத்திலும் காது பிடித்தது. முடிந்ததும் அவர் மடியிலிருந்த பைபிளைத் தொட்டு ‘ல தா துசி’ என்றேன், நம் இருவரின் புத்தகம் என்று. இந்த முறை திருத்தவில்லை. பக்கத்தைத் திருப்பி என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.